பதின்பருவச் சீருடற்பயிற்சி வீராங்கனையரின் உணவும் உடல்தோற்றமும்: ஒரு வரலாற்று நோக்கு (1952 – 2024)

ஆய்வுச் சுருக்கம்

ஒலிம்பிக் மகளிர் சீருடற்பயிற்சியின் மேடையில் 1950களில் முதிர்ந்த பெண்கள் நின்றனர். 1970களின் நடுவிலிருந்து சிறுமியர் நின்றனர். இம்மாற்றத்தின்போது பதின்பருவ வீராங்கனையின் பசி திறமையின் விலையாகவும் ஒழுக்கத்தின் அடையாளமாகவும் கருதப்பட்டது. 1990களில் அது மருத்துவச் சிக்கலாகவும், 2014க்குப் பின் ஆற்றல் பற்றாக்குறையாகவும், 2020க்குப் பின் நிறுவனங்களின் பொறுப்பாகவும் பெயர் மாறியது. உடலியல் அறிவு முன்னேறிய வேகத்தில் நடைமுறை முன்னேறவில்லை என்பதையும், வயது வரம்பை உயர்த்தும் விதிகள் உணவுச் சிக்கலைத் தீர்க்கவில்லை என்பதையும், எடையை அளக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: சீருடற்பயிற்சி, பதின்பருவம், உடல்தோற்ற உணர்வு, உண்ணுதல் கோளாறு, ஆற்றல் இருப்பளவு, எலும்பு அடர்த்தி, விளையாட்டு வரலாறு.

முன்னுரை

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் பதக்கங்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. பதக்கம் பெற்ற உடல் எவ்வாறு உண்டது, அல்லது உண்ண விடப்படவில்லை என்பது அதில் இடம்பெறுவது அரிது. வளரும் பருவத்தினர் பங்கேற்கும் விளையாட்டுகளில் இவ்விடுபாடு சிறியதன்று. பெண்ணொருத்தி முதிர்பருவத்தில் கொண்டிருக்கும் எலும்புக் கனிமத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அவள் மிக வேகமாக உயரும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் சேர்வதாகக் கனடாவின் சஸ்காச்சுவானில் நிகழ்ந்த நீண்டகால ஆய்வு காட்டியுள்ளது. அவ்விரு ஆண்டுகளில் குறையும் உணவைப் பின்னர் ஈடுசெய்வது எளிதன்று.

ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சி இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். இதில் வெற்றியை நடுவர்கள் கண்ணால் கண்டு மதிப்பிடுகின்றனர். உடல் இயங்கும் கருவியாகவும் பார்வைப் பொருளாகவும் ஒருசேர நிற்கின்றது. உச்சப் போட்டிகள் பதின்பருவத்திலேயே நிகழ்கின்றன. இவ்விளையாட்டில் உணவு பற்றிய எண்ணங்கள் எவ்வாறு மாறின, அம்மாற்றங்களில் பொறுப்பு யார்மேல் சுமத்தப்பட்டது என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்கள்.

முதிர்ந்த பெண்களின் காலம்

ஒலிம்பிக்கில் மகளிருக்கான தனிநபர்ச் சீருடற்பயிற்சிப் போட்டிகள் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் தொடங்கின. அவ்வாண்டு ஒட்டுமொத்தத் தனிநபர்ப் பிரிவில் தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை மரியா கொரொகோவ்ஸ்கயாவுக்கு வயது 30. 1956ஆம் ஆண்டு மெல்பர்னில் நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்ற ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டிக்கு வயது 35. மொத்தம் 18 ஒலிம்பிக் பதக்கங்களை ஈட்டிய லாரிசா லதினினா, 1958ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடைபெற்ற உலகப் போட்டியில் கருவுற்ற நிலையிலேயே ஐந்து தங்கங்களை வென்றார். 1964, 1968 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் ஒட்டுமொத்தப் பட்டம் பெற்ற செக்கோஸ்லோவாக்கியாவின் வெரா சாஸ்லாவ்ஸ்காவும் இருபது வயதைக் கடந்தவரே.

இவ்வரிசை ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. பூப்படையாத அல்லது பூப்படைதல் தள்ளிப்போன உடல் இவ்விளையாட்டின் இயற்கைத் தேவையன்று. அது வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் உருவான தேவையாகும்.

சிறுமியின் உடல் இலட்சியமாதல்

1972ஆம் ஆண்டு மியூனிக்கில் 17 வயது ஓல்கா கோர்புட் தொலைக்காட்சி வழியாக உலகப் புகழ் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1976 ஜூலை 18 அன்று மான்ட்ரியலில், 14 வயதே நிரம்பியிருந்த ருமேனியாவின் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் முதல் 10 புள்ளிகளைப் பெற்றார். அவ்வெண்ணைக் காட்ட இயலாத பலகை 1.00 எனக் காட்டியது. அவ்வொலிம்பிக்கில் அவர் ஏழு முறை முழுப்புள்ளி பெற்றார்.

இம்மாற்றத்திற்கு இயக்கவியல் காரணமும் உண்டு. உடலின் அளவு பெருகும்போது தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பிற்கு ஏற்ப, அதாவது இருமடி வீதத்தில் பெருகுகின்றது. எடையோ மும்மடி வீதத்தில் பெருகுகின்றது. எனவே சிறிய உடல் தன் எடையைத் தூக்கிச் சுழற்றுவது எளிது. வான்வெளிச் சுழற்சிகளுக்கு அதிகப் புள்ளி தரும் முறை வலுப்பெற்றபோது சிறிய உடலுக்கு ஆதாயம் கிடைத்தது. ஆயினும் சிறிய உடலுடையோரைத் தெரிவு செய்வது வேறு. வளரும் உடலை உணவைக் குறைத்துச் சிறியதாகவே வைத்திருக்க முயல்வது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்றதே இக்காலத்தின் துயரமாகும்.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது தேவையானது. பன்னாட்டுச் சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பின் முயற்சியால் மாலினா முதலிய அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கடும் பயிற்சி வீராங்கனையரின் இறுதி உயரத்தைக் குறைப்பதாகச் சான்றில்லை என்றும், குட்டையான உடலுடையோரே இவ்விளையாட்டில் தெரிவு செய்யப்படுகின்றனர் என்றும் முடிவு கூறியது. ஆகவே ஒருவரின் சிற்றுடலைக் கண்டதும் அவர் பட்டினியால் வாடியவர் என முடிவு கட்டுவது தவறு. அதுவும் உடலைக் கண்ணால் அளந்து தீர்ப்பு வழங்கும் செயலே.

அமெரிக்க இதழாளர் ஜோன் ரையன் 1995இல் வெளியிட்ட ‘லிட்டில் கேர்ள்ஸ் இன் பிரிட்டி பாக்சஸ்’ என்னும் நூல் இக்காலத்தின் முதன்மை ஆவணங்களுள் ஒன்று. அந்நூல் தரும் கணக்கின்படி 1976ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் அணியினரின் சராசரி வயது பதினேழரை. உயரம் ஏறத்தாழ 161 சென்டிமீட்டர். எடை 48 கிலோ. 1992இல் சராசரி வயது 16. உயரம் 145 சென்டிமீட்டர். எடை 38 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பதினாறு ஆண்டுகளில் ஒரு நாட்டு அணியின் சராசரி எடை பத்துக் கிலோ குறைந்துள்ளது. இதில் பெரும்பங்கு தெரிவின் விளைவாயினும், அத்தெரிவுக்கு உட்பட விரும்பிய ஆயிரக்கணக்கான சிறுமியர்க்கு அது தந்த செய்தி ஒன்றே: வளர்வது தோல்வி.

கிறிஸ்டி ஹென்ரிச்சின் இறப்பு

அச்செய்தி ஓர் உயிரைப் பறித்தபோதுதான் பொது விவாதம் எழுந்தது. அதற்கு முன்பே எச்சரிக்கை இல்லாமலில்லை. 1970ஆம் ஆண்டு உலகப் போட்டியில் சமநிலைக் கட்டையில் வெள்ளி வென்று, அத்தகைய பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்ணாகிய கேத்தி ரிக்பி, தாம் 12 ஆண்டுகள் உண்ணுதல் கோளாற்றால் வருந்தியதையும் தம் இதயம் இருமுறை நின்றுபோனதையும் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். அது மீண்டு வந்த ஒருவரின் தனிக்கதையாகவே கொள்ளப்பட்டது.

மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டி ஹென்ரிச், 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் அணியில் இடம்பெறும் வாய்ப்பை 0.118 புள்ளி வேறுபாட்டில் இழந்தார். 1989ஆம் ஆண்டு உலகப் போட்டியில் சமமற்ற இணைக்கம்பிகள் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். புடாபெஸ்டில் நடந்த போட்டியொன்றின்போது, ஒலிம்பிக் அணியில் சேர வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும் என நடுவர் ஒருவர் அவரிடம் கூறியதாக அவர்தம் குடும்பத்தினர் தெரிவித்தனர். உடல் நலிந்து 1991இல் விளையாட்டிலிருந்து விலகினார். 1994 ஜூலை 26 அன்று, தம் 22ஆம் பிறந்தநாள் முடிந்து எட்டு நாள்களில், பல உறுப்புகள் செயலிழந்து உயிர்நீத்தார்.

ஒரு நடுவரின் ஒற்றைச் சொல்லே இறப்புக்குக் காரணம் எனல் மிகை. அனரெக்சியா போன்ற நோய்களில் மரபுக்கூறு, மனநிலை, சூழல் ஆகிய பலவும் சேர்ந்து இயங்குகின்றன. ஆனால் அச்சொல் எத்தகைய அமைப்பில் சொல்லப்பட்டது என்பது வரலாற்றாசிரியர் கருத வேண்டியதாகும். புள்ளியை வழங்குபவரே உடலைப் பற்றியும் தீர்ப்புரைக்கும்போது, பதின்பருவத்தினர்க்கு அது அறிவுரையாகக் கேட்பதில்லை. தேர்வு விதியாகவே கேட்கின்றது.

மருத்துவம் கண்ட விடைகள்

இக்காலத்திற்கு இணையாக மருத்துவ ஆய்வும் வளர்ந்து வந்தது. 1974இல் ரோஸ் ஃபிரிஷ் என்பவரும் உடனாய்வாளரும், பூப்படைதலுக்கும் மாதவிடாய் தொடர்வதற்கும் உடலில் குறிப்பிட்ட விழுக்காட்டுக் கொழுப்பு வேண்டும் என்னும் கருதுகோளை முன்வைத்தனர். வீராங்கனையர்க்கு மாதவிடாய் நின்றுபோவதற்கு இது விளக்கமாகக் கொள்ளப்பட்டது. பயிற்சிக் கூடங்களில் மாதவிடாய் நிற்பது கடும் உழைப்பின் இயல்பான விளைவு எனவும் நம்பப்பட்டது.

அந்நம்பிக்கையை உலுக்கியது 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மாதவிடாய் நின்றுபோன, சராசரியாக 25 வயதுடைய வீராங்கனையரின் முதுகெலும்பு அடர்த்தி, 51 வயதுப் பெண்களுக்குரிய அளவில் இருந்ததை அது காட்டியது. 1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய அறிஞர் குழு, உண்ணுதல் கோளாறு, மாதவிடாய் நிற்றல், எலும்புப்புரை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை எனக் கண்டு அவற்றை ‘வீராங்கனையரின் முக்கோளாறு’ எனப் பெயரிட்டது. 1997இல் அக்கல்லூரி இது குறித்த தன் அதிகாரபூர்வ நிலைப்பாட்டை வெளியிட்டது.

சீருடற்பயிற்சியில் இக்கருத்து எளிதில் ஏற்கப்படாமைக்கு ஓர் உடலியல் முரண் துணைபுரிந்தது. தரையில் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் எலும்பு தாக்கம் பெற்று வலுவடைகின்றது. 1995இல் வெளியான ராபின்சன் குழுவினரின் ஆய்வில், மாதவிடாய்க் குறைபாடு இரு குழுவினரிடமும் ஒப்பக் காணப்பட்டபோதும், ஓட்டப் பந்தய வீராங்கனையரைவிடச் சீருடற்பயிற்சி வீராங்கனையரின் எலும்பு அடர்த்தி மிகுந்திருந்தது. எலும்பு அளவீடு மட்டும் நோக்கியோர்க்குச் சிக்கல் ஏதுமில்லை எனத் தோன்ற இது இடமளித்தது.

அடுத்த திருப்பம் ஆன் லாக்ஸ் நிகழ்த்திய சோதனைகளால் விளைந்தது. பயிற்சியில் செலவாகும் ஆற்றலை உணவால் ஈடுசெய்த பெண்களிடம் இனப்பெருக்க ஹார்மோன் சுரப்பு குலையவில்லை, ஈடுசெய்யாதவர்களிடம் குலைந்தது. உடலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்பதைவிட, உண்ட ஆற்றலில் பயிற்சி போக எவ்வளவு எஞ்சுகின்றது என்பதே முதன்மையானது என இதனால் தெளிவாயிற்று. இவ்வெச்சமே ‘ஆற்றல் இருப்பளவு’ ஆகும். கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 கிலோ கலோரிக்குக் கீழ் இது குறைந்தால் ஐந்தே நாள்களில் ஹார்மோன் சுரப்பு மாறுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. 45 கிலோ கலோரி போதுமான அளவாகக் கருதப்பட்டது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கொழுப்பு நீங்கிய எடை 36 கிலோ உடைய ஒரு பெண் நாளொன்றுக்கு 1500 கிலோ கலோரி உண்டு, பயிற்சியில் 500 செலவிட்டால் எஞ்சுவது 1000. கிலோவுக்கு ஏறத்தாழ 28. பார்வைக்கு அவள் மூவேளையும் உண்பவள், நோயாளியல்லள், ஆயினும் அவளுடல் பட்டினியில் உள்ளது. 45 என்னும் அளவை எட்ட அவள் 2120 கிலோ கலோரி உண்ண வேண்டும். இவ்வளவுகள் முதிர்ந்த பெண்களிடம் கண்டறியப்பட்டவை. வளர்ச்சிக்கெனத் தனி ஆற்றல் வேண்டும் பதின்பருவத்தினர்க்கு இவற்றைக் குறைந்தபட்ச எல்லையாகக் கூடக் கொள்ள இயலாது. எல்லோர்க்கும் பொருந்தும் ஒற்றை எல்லைக்கோடு இல்லை என்பதும் பிற்கால ஆய்வுகளின் முடிவாகும்.

2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ‘விளையாட்டில் சார்பு ஆற்றல் பற்றாக்குறை’ என்னும் விரிந்த கருத்தாக்கத்தை வெளியிட்டு, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தியது. இதயம், செரிமானம், நோய் எதிர்ப்பு, மனநலம், வளர்ச்சி ஆகியவற்றையும் இது உள்ளடக்கியது, ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இவ்வறிவு வளர்ச்சியின் சாரம் ஒன்றே: குறையுணவு உடலை இலகுவாக்கி வெற்றி தரும் என்னும் பயிற்சிக்கூட நம்பிக்கைக்கு மாறாக, அது வலிமையையும் குணமடையும் திறனையும் குன்றச் செய்கின்றது.

வயது வரம்பும் அதன் எல்லையும்

விளையாட்டு நிறுவனங்கள் கைக்கொண்ட முதன்மைத் தீர்வு வயது வரம்பு. பன்னாட்டுக் கூட்டமைப்பு 14ஆக இருந்த குறைந்தபட்ச வயதை 1981இல் 15ஆகவும், 1997இல் 16ஆகவும் உயர்த்தியது. நோக்கம் நன்றாயினும் புள்ளியிடும் முறை சிறிய உடலையே தொடர்ந்து விரும்பியது. ஆகவே இரு வழிகள் திறந்தன. ஒன்று ஆவணத் திருத்தம். வடகொரியாவின் கிம் குவாங் சுக் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் 15 வயதினராகவே பதிவு செய்யப்பட்டமையால் அந்நாடு 1993ஆம் ஆண்டு உலகப் போட்டியில் பங்கேற்கத் தடைபெற்றது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சீன அணி பெற்ற வெண்கலம், அணியினர் ஒருவர் வயது குறைந்தவர் என நிறுவப்பட்டமையால் 2010இல் பறிக்கப்பட்டது.

மற்றொரு வழி ஆவணங்களில் தெரியாதது. பதினாறு வயதிலும் பன்னிரண்டு வயது உடலோடு இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, பூப்படைதலைத் தள்ளிப்போடும் அழுத்தமாகச் சிறுமியர்மேல் இறங்கக்கூடியதாயிற்று. வயது வரம்பு உடலை நுழைவாயிலில் மட்டுமே காத்தது, உணவுக்கூடத்தில் காக்கவில்லை.

ஒப்புநோக்கத்தக்க ஒரு நிகழ்வு அமெரிக்க மல்யுத்தத்தில் உண்டு. 1997ஆம் ஆண்டின் இறுதி இரு மாதங்களில் மூன்று கல்லூரி மாணவர்கள், எடைப்பிரிவுக்குள் வருவதற்காக உடல்நீரை வற்றச் செய்யும் முயற்சியில் உயிரிழந்தனர். கல்லூரி விளையாட்டு அமைப்பு இதற்கு அறிவுரை கூறுவதோடு நிற்கவில்லை. நீராவி அறைகளையும் இரப்பர் உடைகளையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு அருகே கொணர்ந்தது. உடல்நீர் நிலையை அறிந்த பின்னரே ஒவ்வொருவர்க்கும் குறைந்தபட்ச எடையை உறுதிசெய்தது. உடலைக் குறைப்பதால் விளையும் ஆதாயத்தை விதியே நீக்கியது. சீருடற்பயிற்சியில் இத்தகைய நேரடித் தலையீடு கால் நூற்றாண்டு காலம் நிகழவில்லை.

நிறுவனப் பொறுப்பு வெளிப்படல்

2016இல் அமெரிக்கச் சீருடற்பயிற்சியில் அணி மருத்துவர் ஒருவரின் பாலியல் குற்றங்கள் நாளிதழ் வழி வெளிப்பட்டன. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் நிகழ்ந்த வாக்குமூலங்கள் உணவு வரலாற்றுக்கும் சான்றாகும். 2012ஆம் ஆண்டு தங்கம் வென்ற அணியினரான ஜோர்டின் வீபர், பயிற்சியாளர்களின் முன்னிலையில் மிகுதியாக உண்ண அஞ்சிய காலத்தில் அம்மருத்துவர் தங்களுக்கு உணவு கொணர்ந்து தந்து நம்பிக்கையைப் பெற்றதை எடுத்துரைத்தார். உணவு மறுக்கப்பட்ட இடத்தில் உணவு தருபவர் காவலராகத் தோன்றுகிறார். பசி உடல்நலச் சிக்கலாக மட்டும் நில்லாமல், பிற வன்முறைகளுக்கு வாயில் திறக்கும் என்பதை இது காட்டுகின்றது.

2020இல் ‘அத்லெட் ஏ’ என்னும் ஆவணப்படம் வெளியானபின் பல நாடுகளின் வீராங்கனையர் தம் அனுபவங்களை வெளியிட்டனர். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் 2021இல் அறிக்கை அளித்தது. பிரிட்டனில் ஆன் ஒயிட் தலைமையில் நடந்த விசாரணை சுமார் 400 முறையீடுகளைப் பெற்று 2022 ஜூனில் வெளியாயிற்று. சிறுமியர் அளவுக்கு மீறி எடை பார்க்கப்பட்டமை, உணவும் நீரும் மறுக்கப்பட்டமை, உணவுப் பண்டம் உள்ளதா என உடைமைகள் சோதிக்கப்பட்டமை ஆகியன அதில் பதிவாகியுள்ளன. 2023இல் பிரிட்டன் சீருடற்பயிற்சி அமைப்பு, பயிற்சியாளர் எடை பார்ப்பதைத் தடை செய்தது. 10 வயது நிரம்பியோர்க்கு, அறிவியல் காரணம் இருப்பின், அவர்தம் ஒப்புதலோடு, தகுதிபெற்ற வல்லுநர் மட்டுமே எடை பார்க்கலாம் என விதித்தது. எடைப்பொறி பயிற்சியாளரின் கையிலிருந்து விலக்கப்பட்டமை சிறிய நிர்வாக ஆணையாகத் தோன்றலாம். அரை நூற்றாண்டாக ஒருவரிடமே குவிந்திருந்த பயிற்சி, தெரிவு, உணவு ஆகிய மூன்று அதிகாரங்களைப் பிரித்த முதன்மையான முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

இதற்கிடையே இலட்சிய உடலும் மாறியது. 2006இல் 10 என்னும் முழுப்புள்ளி முறை நீங்கி, கடினத்திற்கும் செயல்திறனுக்கும் தனித்தனிப் புள்ளி வந்தது. கடினத்திற்கு மேலெல்லை இல்லாமையால் தசைவலிமை பயன்தரலாயிற்று. ஒக்சானா சுசோவிதினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அவ்வொலிம்பிக்கில் ஜெர்மனி அணியினர் கணுக்கால்வரை மூடிய உடை அணிந்து, தம் உடல் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தனர். 2024இல் பாரிஸில் ஒட்டுமொத்தப் பட்டம் வென்ற சிமோன் பைல்ஸுக்கு வயது 27. 1952க்குப் பின் அப்பட்டம் பெற்றோரில் அவரே மூத்தவர்.

முடிவுரை

பதின்பருவ வீராங்கனையின் பசிக்கு இவ்வரலாறு நான்கு பெயர்களைச் சூட்டியுள்ளது. முதலில் அது ஒழுக்கம் எனப்பட்டது, அடுத்து நோய், பின்னர் ஆற்றல் பற்றாக்குறை, இறுதியில் நிறுவனத்தின் தவறு. முதல் இரு பெயர்களும் பொறுப்பைச் சிறுமியின்மேல் வைத்தன. மூன்றாவது அதனைத் தட்டுக்கு மாற்றியது. நான்காவதே தட்டை யார் நிரப்புகிறார், யார் விலக்குகிறார் என வினவியது.

டிரிங்க்வாட்டரின் ஆய்வு வெளியான 1984க்கும் எடைப்பொறி பற்றிய 2023ஆம் ஆண்டு விதிக்கும் இடையே 39 ஆண்டுகள் கழிந்துள்ளன. அறியாமையால் மட்டும் இத்தாமதம் நேர்ந்ததாகக் கூற இயலாது. அறிந்தவர் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் அறிவை நாடவில்லை. நல்லுணவு குறித்த அறிவுரைகளைச் சிறுமியர்க்கு வழங்குவது தேவையே. ஆனால் தெரிவு செய்வோர், புள்ளியிடுவோர், பயிற்றுவிப்போர் ஆகியோரின் எதிர்பார்ப்பு மாறாதவரை அவ்வறிவுரை, உண்ணுமாறு வாயால் சொல்லிக்கொண்டே உண்டவளை அணியிலிருந்து விலக்கும் முரணாகவே முடியும். முப்பது வயதில் தொடங்கிப் பதினான்குக்கு இறங்கி மீண்டும் இருபத்தேழுக்கு ஏறிய இம்மேடையின் வரலாறு, விதிகள் மாறும்போது உடல்களும் மாறும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.